சேற்றிலும் மணலிலும் உழைக்கும் மடக்குக் கத்தி: முதன்முறை வாங்குகிறவர்களுக்கு

கடந்த டிசம்பர் விடுமுறைக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து என் தங்கை மகன், நகருக்கு வடக்கே வெருலத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்தான். வரும்போதே புதுக் கத்தி ஒன்றை வாங்கி வந்திருந்தான். கறுப்புப் பூச்சு, அலகில் பாதி தூரத்துக்கு ரம்பப் பல், விரலால் தட்டினால் சட்டென்று விரியும் அமைப்பு. மூன்றாம் நாள் மழை விட்டதும் சொட்டுநீர்க் குழாய்களை மாற்றினோம். மாலையில் கத்தியை மடக்கப் பார்த்தான், பாதியிலேயே நின்றுவிட்டது. "மாமா, இது விரியவும் மாட்டேன் என்கிறது, மடங்கவும் மாட்டேன் என்கிறது" என்று நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். அலகில் ஒரு குறையும் இல்லை. கீலுக்குள் செம்மண் அடைத்திருந்தது.

முதல் கத்தி வாங்குகிறவர்கள் அலகைத்தான் பார்க்கிறார்கள். கடைக்காரரும் அதைத்தான் விரித்துக் காட்டுகிறார். ஆனால் மண்ணிலும் சேற்றிலும் புழங்கும் மடக்குக் கத்திக்கு உயிர்நிலை கீல். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், விலை குறைந்த கத்தியிலும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் படி: என்ன வெட்டுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் பொறுங்கள். எதையெல்லாம் வெட்ட நேர்கிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: உர மூட்டைத் தையல், சணல் கயிறு, வைக்கோல் கட்டின் பிளாஸ்டிக் கயிறு, கறுப்புத் தண்ணீர்க் குழாய், பூசணிக் காம்பு, வாழை இலை, பூட்ஸின் அடியில் ஒட்டிய களிமண். கடைசியில் இருப்பதை யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் அதைச் செய்யாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவற்றில் எதற்கும் 9 சென்டிமீட்டருக்கு மேல் அலகு தேவையில்லை. 7 சென்டிமீட்டரே பெரும்பாலும் போதும். கரும்புக்கும் புதருக்கும் தனிக் கத்தி இருக்கிறது. மடக்குக் கத்தியை மரத்தில் பதித்து அதன் முதுகில் கல்லால் அடிக்கிறவர்கள் உண்டு. அப்படி அடித்தால் கீல் ஆணி வளைந்துவிடும். பிறகு அந்தக் கத்தி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

இடுப்பில் உறை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் சொந்த நிலத்திலேயே வேலை செய்கிறவர் என்றால், மடங்காத கத்தியே வாங்குங்கள் என்பேன். ஸ்வீடனின் மோரா போன்ற எளிய கத்திக்குக் கீலே கிடையாது. குழாயடியில் ஒரு முறை காட்டினால் சுத்தம். மினிபஸ் டாக்சியில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும், கத்தியைக் கால்சட்டைப் பையில் வைக்க வேண்டியவர்களுக்கும்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாம் படி: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்

கத்தியை விரித்து, முதுகுப் பக்கத்தை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். பிடியின் இரு பக்கங்களுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் உள்ளே போன மண் மறுபக்கம் வழியே வெளியே வந்துவிடும். குழாய்த் தண்ணீரும் ஊடுருவிப் போகும். வெளிச்சம் தெரியாமல் முதுகு மூடியிருந்தால், அலகு படுக்கும் பள்ளம் ஒரு தொட்டியைப் போன்றது. மணல், நார், வாழைப்பால் எல்லாம் அங்கே தங்கி, காய்ந்து, இறுகிவிடும்.

அடுத்து, எத்தனை துண்டுகளால் ஆனது என்று பாருங்கள். குறையக் குறைய நல்லது. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் அதற்குச் சுழலும் பூட்டு வளையம் வந்தது. இன்றும் அதில் இருப்பவை பிடி, அலகு, ஆணி, இரண்டு வளையங்கள் ஆகிய ஐந்தே பாகங்கள். 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். வெட்டுவதில் அதற்கு இணையானது அந்த விலையில் அரிது. ஆனால் அதன் பிடி மரம். கீல் அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் கடற்கரையில் மழைக்காலம் கோடையில் வருகிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்த அந்த மாதங்களில் மரம் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடியின் வால்பகுதியை ஒரு கட்டையில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். பழகியவர்கள் அப்படித்தான் திறப்பார்கள். காய்ந்த இடத்தில் வேலை செய்கிறவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். நாள்தோறும் சேற்றில் நிற்கிறவருக்குச் சொல்லமாட்டேன்.

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது ஒக்காப்பி. 1902இல் ஜெர்மனியில், ஆப்பிரிக்காவில் அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்டிருந்த பகுதிகளில் விற்பதற்காகச் செய்யத் தொடங்கிய கத்தி. 1988இல் அதன் உரிமையும் அச்சுகளும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தன. மரப்பிடியில் பிறையும் நட்சத்திரமும் பதித்த, விரிக்கும்போது 'கிர்ர்' என்று பல்சக்கர ஓசை எழுப்பும் அந்தக் கத்தியை என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வைத்திருந்தார். மதிய இடைவேளையில் அதே கத்தியால் கரும்புத் துண்டைச் சீவித் தருவார். பழமை என்பதற்காக அதைப் புகழவில்லை: அதன் கீல் தளர்வானது. துல்லியமான கத்தியை நிறுத்திவிடும் அளவு மணல் போனாலும் அது விரியும், மடங்கும். அந்தத் தளர்வால் அலகு சற்று ஆடும் என்பது அதற்குரிய விலை. குழாயைச் சீராக வெட்ட வேண்டியவருக்கு அந்த ஆட்டம் தொல்லை. மூட்டை பிரிக்கிறவருக்கு ஒன்றுமில்லை.

பல கருவிகள் அடுக்கிய சுவிஸ் கத்திகளைப் பற்றிக் கேட்பார்கள். அடுக்கு கூடக் கூட மண் தங்கும் இடமும் கூடும். விக்டோரினாக்ஸில் அலுமினியப் பிடி போட்டு, இரண்டு அடுக்கோடு நிற்பவை பரவாயில்லை. தட்டினால் தானே விரியும் விசைக் கத்திகளைத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: பூட்டைச் சோதியுங்கள்

என் இடது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. விரித்த அலகு மடங்காமல் நிறுத்த வேண்டிய பூட்டு கைவிட்டதால் வந்தது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் வகைப் பூட்டு அது. கடைகளில் லைனர் லாக் என்பார்கள். தகடு வந்து அமரும் இடத்தில் நான்கைந்து மணல் பருக்கைகள் இருந்திருக்கின்றன. பூட்டு விழுந்த ஓசை கேட்டது, நம்பினேன். குழாயில் குத்தி அழுத்தியபோது அலகு விரல்மேல் மடங்கியது. மூன்று தையல்.

அந்த வகைப் பூட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பூட்டு அமரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலால் துடைக்க எட்ட வேண்டும் என்கிறேன். கடையில் இதைச் செய்யுங்கள்: கத்தியை முழுக்க விரியுங்கள். விரல்கள் அலகு மடங்கும் பாதையில் படாமல் பிடியைப் பக்கவாட்டில் பற்றுங்கள். அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து, சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். பூட்டு நெகிழ்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கீல் ஆணி திருகாக இருந்தால் மிக நல்லது. வீட்டில் கழற்றிக் கழுவலாம், தளர்ந்தால் முறுக்கலாம்.

நான்காம் படி: எஃகு

இங்கேதான் புதியவர்கள் மிகவும் குழம்புகிறார்கள். எஃகின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. கத்தி எஃகு பொதுவாக அதைவிடக் கீழே இருக்கிறது. ஆகவே மண் ஒட்டிய கயிற்றை வெட்டினால் எந்தக் கத்தியின் வாயும் மழுங்கும். விலை உயர்ந்தது சற்றுத் தாமதமாக மழுங்கும்; ஆனால் அதைச் சாணை பிடிக்க அரை நாள் ஆகும். அழுக்கு வேலைக்கு, வரப்பில் உட்கார்ந்து சிறு சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏற்றக்கூடிய எஃகே ஏற்றது. எஃகுக்கென்று உள்ள வேறொரு அளவான ராக்வெல் கடின அளவு 55 முதல் 58க்குள் இருந்தால் போதும். அதற்கு மேலே போனால் கல்லில் படும்போது வாய் பல் விழும். இந்த அளவில் வளையும், வளைந்ததை நிமிர்த்திவிடலாம்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கடலுக்கு அருகில் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். டோங்காட் முதல் இசிப்பிங்கோ வரை உப்புக்காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் செம்புள்ளி காட்டும். கடலிலிருந்து உள்ளே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் என்றால் கார்பன் எஃகை ஆசையோடு வாங்கலாம். நாளடைவில் சாம்பல் நிறப் படலம் படிந்து ஓரளவு தன்னையே காத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். மூட்டை பிரித்த கையோடு கத்தியைக் கழுவுங்கள்.

ரம்பப் பல் வேண்டாம். கயிறு அறுக்க உதவும். ஆனால் சாதாரணக் கல்லில் சாணை பிடிக்க முடியாது.

ஐந்தாம் படி: பிடியும் நிறமும்

கையை நனைத்து, சோப்புத் தடவி, கடைக்காரரின் அனுமதியோடு பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். நைலான் பிடி ஈரத்துக்கு அசையாது. நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும்; கறுப்புப் பிடிக் கத்தியைக் கரும்புச் சருகில் தேடுவது வீண். வாலில் கயிறு கோக்கத் துளை இருந்தால் நல்லது.

கையோடு வைத்திருக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் (எண் 15) கத்தி வைத்திருப்பதையே குற்றமாக்கவில்லை. தவறான நோக்கம் இருப்பதாக நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வைத்திருப்பதுதான் குற்றம். வேலைக்காக வைத்திருப்பது அதில் சேராது. ஆனால் வேலை முடிந்ததும் கத்தியைக் கருவிப் பெட்டியில் போடுங்கள். தெருச் சண்டைகளால் ஒக்காப்பிக்குக் கெட்ட பெயர் இருக்கிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவு ஊருக்குள் போகாதீர்கள்.

வாங்கிய பின்

அன்றாட வேலை இவ்வளவே: விரித்து, குழாயடியில் கீலைக் காட்டி, நாலைந்து முறை விரித்து மடக்கிக் கழுவுங்கள். பழைய பல்துலக்கியால் தேயுங்கள். உதறி, விரித்தபடியே வெயிலில் காய வையுங்கள். பிறகு கீலில் ஒரே ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய். தாராளமாக ஊற்றினால் எண்ணெயும் மணலும் குழைந்து அதுவே சாணைப் பசையாகி ஆணியைத் தின்னும். சூரியகாந்தி எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஜூலை மாதக் குளிர்காலக் காலைகளில் கத்தி திறக்காது.

கரும்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வெட்டிய தூரிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்பைக் குன்றச் செய்யும் மறுதாம்புக் குட்டை நோய், வெட்டும் கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியாகவே ஒரு தூரிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. விதைக்கரும்பைத் தொடும் கத்தி எதுவானாலும், மடக்குக் கத்தியானாலும், ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் மண்ணைக் கழுவிவிட்டு மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். துணி வெளுக்கும் ப்ளீச் கிருமியைக் கொல்லும், எஃகையும் அரிக்கும். அதைப் பயன்படுத்தினால் உடனே தண்ணீரில் அலசுங்கள்.

தங்கை மகனின் கத்தியை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் போராடித் திறந்தோம். அது இப்போது அவன் வீட்டு மேசை இழுப்பறையில் கடித உறைகளைக் கிழிக்கிறது. தோட்டத்துக்கு அவன் கொண்டுவருவது ஆரஞ்சு நைலான் பிடி, திருகு ஆணி, 8 சென்டிமீட்டர் அலகு கொண்ட ஒரு கத்தி. வாங்கும்போது கடை ஜன்னலுக்கு எதிரே அதைப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான் என்று தங்கை சொன்னாள்.