சென்சார் லைட் வாங்கும் முன்: சேலம் வெயிலுக்கு ஒன்று, ஏற்காடு பனிக்கு ஒன்று

ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் சென்சார் லைட் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். 10 வாட் எல்இடி ஃப்ளட் லைட் 900 முதல் 1,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) வரை தரும். வாசலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் அது தாராளம். 50 வாட் மாட்டினால் எதிர்வீட்டுக்காரர் தூக்கம் கெடும், வெளிச்சத்தை ஒட்டிய நிழலும் இன்னும் கருப்பாகி ஆள் ஒளிய வசதியாகும். எந்த வகை சென்சார், அது எங்கே உட்காரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பது உடம்புச் சூட்டைக் கவனிக்கும் பிஐஆர் சென்சார். அதன் முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் பார்க்கும் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. உடம்புச் சூடு ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது லைட் எரியும். குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். சென்சாரை நோக்கி நேராக வருபவரைக் கிட்டே வந்த பிறகுதான் பிடிக்கும். அதனால் வாசல் நிலைக்கு மேலே, கேட்டைப் பார்த்தபடி மாட்டுவது சரிவராது. கேட்டிலிருந்து வரும் பாதையைக் குறுக்காகப் பார்க்கும் பக்கச் சுவரில், 7 முதல் 8 அடி உயரத்தில் மாட்டுங்கள்.

சேலம் வெயிலில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இருட்டிய பிறகும் மேற்குச் சுவரும் சிமென்ட் தரையும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். ஆளின் சூடும் பின்னணிச் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அந்த நாட்களில் பாதி தூரத்தை நம்பி இடம் பாருங்கள். ஏசி அவுட்டோர் யூனிட் ஊதும் பக்கம் திருப்பவே கூடாது. ஆளே இல்லாமல் எரியும்.

மைக்ரோவேவ் சென்சாருக்கு வெயில் பிரச்சினை இல்லை. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வருவதில் உள்ள மாற்றத்தை அது கவனிக்கிறது. ஆனால் கண்ணாடி, மரக்கதவு, மெல்லிய சுவர் எல்லாவற்றையும் ஊடுருவும். சேலத்தின் குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பகுதிகளின் நெருக்கமான தெருக்களில் இதை வாசலில் மாட்டினால் ரோட்டில் போகும் ஒவ்வொரு பைக்குக்கும் லைட் எரியும். மூடிய படிக்கட்டு, உள் நடை, பேஸ்மென்ட் ஆகியவற்றுக்குத்தான் இது சரி.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த இரவு. அங்கே பிஐஆர் கூர்மையாகவே பார்க்கும், நாய்க்கும் காட்டெருமைக்கும் சேர்த்து எரியும். எஸ்டேட் வீடுகளில் காட்டெருமை வாசல்வரை வருவது தெரிய வேண்டும் என்றால் அது நல்லதுதான். வேண்டாம் என்றால் விலங்கு வரும் பக்கத்தைப் பார்க்கும் லென்ஸ் பட்டைகளைக் கருப்பு இன்சுலேஷன் டேப்பால் மறையுங்கள். மூடுபனி அடர்ந்தாலும் லென்ஸில் நீர் கோத்தாலும் தூரம் சட்டென்று குறையும். தூசியும் நீரும் புகாத ஐபி65 உடம்பு கட்டாயம். வயர் கீழிருந்து ஏறி, நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும். மஞ்சள் சாயலான 3,000 கெல்வின் வார்ம் ஒயிட் வாங்கினால் பூச்சி குறைவாக மொய்க்கும். சோலார் லைட்டைப் பனிமாதங்களில் நம்ப வேண்டாம். சில்வர் ஓக் நிழலில் பேனல் சார்ஜே ஏறாது.

வயரிங்கை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும், ஆனால் கூட நின்று பாருங்கள். சென்சாருக்கு ஃபேஸும் நியூட்ரலும் எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாவது வயர் லைட்டின் ஃபேஸுக்குப் போகும், லைட்டின் நியூட்ரல் பொது. பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்காது. அங்கே சென்சாரை லைட் பாயின்ட்டிலேயே மாட்டி, சுவிட்சை எப்போதும் ஆனில் விட்டுவிடலாம். சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுக்கும். அப்போது ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டிய லைட் என்றால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

சரிபார்க்க, சென்சாரில் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கான டைம் திருகியைக் குறைந்த அளவிலும், எவ்வளவு இருட்டில் எரிய வேண்டும் என்பதற்கான லக்ஸ் திருகியைச் சூரியப் படத்திலும் வையுங்கள். கரண்ட் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது தானாகவே எரியும், பதற வேண்டாம். அணைந்த பிறகு கேட்டிலிருந்து நடந்து, எங்கே எரிகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பிறகு லக்ஸை நிலாப் படத்துக்கும் டைமை ஒன்றிரண்டு நிமிடத்துக்கும் மாற்றுங்கள். லைட் எரிந்து அணைந்து திரும்ப எரிந்துகொண்டே இருந்தால் அதன் வெளிச்சமோ சூடோ சென்சார்மேல் படுகிறது; லைட்டையும் சென்சாரையும் ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். விட்டுவிட்டுக் காரணமில்லாமல் எரிந்தால் முதலில் லென்ஸில் ஊரும் பூச்சியையும் சிலந்தி வலையையும் பாருங்கள், ஈரத்துணியால் துடைத்தால் தீரும்.

லைட் அணையவே மாட்டேன் என்றால் சென்சாருக்குள் லைட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே சென்சாரில் நாலைந்து ஃப்ளட் லைட்டைக் கோத்தால் இது நடக்கும்; எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்கள் எரியும் நொடியில் இழுக்கும் கரண்ட் மிக அதிகம். பெட்டியில் 1,200 வாட் என்றிருப்பது குண்டு பல்புக்கு. எல்இடிக்கான அளவு அதே பெட்டியில் தனியாக, 300 வாட் என்பதுபோலச் சின்ன எழுத்தில் இருக்கும். தட்டினால் ஒட்டிய ரிலே விடும், ஆனால் திரும்ப ஒட்டும். சென்சாரை மாற்றிவிட்டு, இரண்டு லைட்டுக்கு ஒரு சென்சார் என்று பிரித்துவிடுங்கள்.