ஏடிஹெச்டியா, வெறும் அழும்பா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

எங்க பையன் மூணாவது படிக்கறப்ப அவங்க மிஸ் கூப்புட்டு "இவனுக்கு ஏடிஹெச்டி இருக்குதுங்க, டாக்டர பாத்துருங்க"ன்னு சொல்லிட்டாங்க. கவனத்த நிறுத்த முடியாம போறது, இல்லேன்னா அடக்க முடியாத துறுதுறுப்பு, அவசரபுத்தி, இதுக்குத்தான் அந்தப் பேரு. ஊட்டுக்கு வந்து சொன்னா மாமனாரு "ஒண்ணுமில்ல போ, இவங்கப்பன் இதவிட அழும்பு பண்ணுனவன்"கறாரு, அத்தை மந்திரிச்சு கயிறு கட்டோணும்கறாங்க, ஒறம்பரைல ஒருத்தரு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல கொண்டி உட்டா ஒரே வருசத்துல அடங்கிருவான்னு அட்மிஷனுக்கே ஆள் சொல்றாரு. நான் யாரு பேச்சையும் கேக்காம ராத்திரி முச்சூடும் செல்லுல ரீல்ஸ் பாத்து நானே முடிவு பண்ணிக்கிட்டேன், அதுதான் எல்லாத்தையும் விட மோசம்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இதுக்கு ரத்த டெஸ்ட் கிடையாது, ஸ்கேன் கிடையாது, டாக்டர் பத்து நிமிசம் பையன பாத்தே சொல்லிரவும் முடியாது, ஏன்னா புது எடம் புது ஆளுன்னா எங்க பையன் கைய கட்டிட்டு கம்முனு உக்காந்துக்குவான், "இவனா அழும்பு பண்றவன்?"னு நம்மளத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. கண்டுபுடிக்கறதே கூட இருக்கறவங்ககிட்ட கதை கேட்டுத்தானுங்க. அந்தக் கதைய நாம ஒழுங்கா சேத்து எடுத்துட்டுப் போனோம்னா பாதி வேலை முடிஞ்சுது.

அவங்க வெச்சிருக்கற அளவுகோல் 2013ல அமெரிக்க மனநல டாக்டருங்க சங்கம் போட்ட டிஎஸ்எம் 5ங்கற கையேட்டுல இருக்குது. கவனம் சம்பந்தமா 9 அறிகுறி, துறுதுறுப்பு அவசரபுத்தி சம்பந்தமா 9 அறிகுறி. கொழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பக்கத்துல 6 இருக்கோணும், 17 வயசு ஆயிருச்சுன்னா 5 போதும். ஆனா எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டுத்தான் நெறையப் பேரு பயந்துக்கறாங்க, அதோட சேந்து வர்றதுதான் முக்கியம்: ஆறு மாசமாவது விடாம இருக்கோணும், வயசுக்கு மீறுனதா இருக்கோணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும், ரெண்டு எடத்துலயாவது இருக்கோணும், அதனால படிப்போ பழக்கமோ நெசமாவே கெட்டுப்போயிருக்கோணும். இந்த 12ங்கறது முன்ன 7 வயசுன்னு இருந்துச்சு, பொம்பளப்புள்ளைங்க நெறையப் பேரு அதுல விட்டுப்போனாங்க, அவங்க ஓடி ஆடாம சன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கற ரகம், யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே.

அந்த ரெண்டு எடம்ங்கறத லேசா நெனைக்காதீங்க. ஸ்கூல்ல மட்டும் பிரச்சனை, ஊட்டுல, தோட்டத்துல, அம்முச்சி ஊருல எல்லாம் நல்லா இருக்கறான்னா எழுத்து கூட்டிப் படிக்கறதுல சிக்கல் இருக்கலாம், போர்டு தெரியாம இருக்கலாம், எவனாவது அடிச்சுட்டே இருக்கலாம். ஊட்டுல மட்டும்னா ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கோணும்.

இப்ப வேலைக்கு வர்றேன். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. மூணு வாரம், தெனமும் ரெண்டு வரி. "சேட்டை பண்ணுனான்"னு எழுதுனா ஒண்ணுக்கும் ஆகாது. "ஏழு மணிக்கு சாக்ஸ் போடச் சொன்னேன், ஏழே காலுக்கு ஒரு கால் சாக்ஸோட நாய்க்குட்டிகூட இருந்தான், நாலு தடவ சொன்னேன்", இப்படி எழுதுங்க. நல்லா இருந்த நாளையும் எழுதுங்க, எத்தனை மணிக்குத் தூங்குனான்னும் எழுதுங்க. எங்க பையன் பதினொண்ணரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எந்திரிக்கறான்ங்கறதே நோட்டப் பாத்துத்தான் எனக்கு ஒறச்சுது, நாங்க ரெண்டு பேரும் ஓவர்டைம் முடிச்சு வர்ற வரைக்கும் முழிச்சுட்டு இருந்திருக்கறான். தூக்கம் பத்தலைன்னா எந்தக் கொழந்தையும் இப்படித்தான் ஆடும், அதனால மொதல்ல ஒரு மாசம் தூக்கத்த சரி பண்ணிட்டு அப்பறமா போனோம். கொஞ்சம் கொறஞ்சுது, முழுசாப் போகல.

ஸ்கூல்ல கிளாஸ் மிஸ்கிட்ட ஒரு ஃபார்ம் நிரப்பி வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க, வேண்டர்பில்ட், கான்னர்ஸ்னு பேரு இருக்கும், அம்மா அப்பாவுக்குத் தனி, டீச்சருக்குத் தனி. மிஸ்கிட்ட சண்டைக்குப் போற மாதிரி போகாதீங்க, எங்கூட்டுக்காரரு அப்படித்தான் போனாரு, ஃபார்ம் வர ஒன்றரை மாசம் ஆச்சு. "அறுவது பசங்க நடுவுல இவன் எப்படீங்க?"ன்னு கேளுங்க, அவங்களுக்குத்தான் ஒப்பிட்டுப் பாக்க அத்தனை பசங்க இருக்கறாங்க, நமக்கு இருக்கறது ஒண்ணோ ரெண்டோ.

அப்பறம் வேற ஏதாவது இருக்குதான்னு பாக்கோணும். காது, கண்ணு ரெண்டும் டெஸ்ட். ராத்திரி கொறட்டை விட்டு வாயத் தெறந்து தூங்கறானா, அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னாடி சதை வீங்கறது, இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டும் பாப்பாங்க. பேசிட்டே இருக்கறப்ப சில வினாடி அப்படியே நட்டுவெச்ச மாதிரி நின்னுட்டு, கூப்புட்டாலும் தொட்டாலும் தெரியாம, மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி தொடர்ந்தா அது கனவு காணறது இல்லீங்க, ஒரு வகை வலிப்பா இருக்கலாம், அதுக்கு இஇஜின்னு மூளையோட மின் அலையப் பாக்கற டெஸ்ட் எடுக்கோணும். செல்லுல வீடியோ எடுத்துட்டுப் போங்க.

"கார்ட்டூன் போட்டா ரெண்டு மணி நேரம் அசையறதில்ல, இவனுக்கா கவனம் இல்ல?"னு மாமனாரு இன்னிக்கும் கேக்கறாரு. கவனமே இல்லாத வியாதி இல்லீங்க இது. வேணும்கற எடத்துல வைக்க முடியாது, வெச்சத வேணும்கறப்ப எடுக்க முடியாது, அதுதான். புடிச்ச விசயத்துல ஒட்டிக்கறதும் இதுலயே வர்றதுதான்.

பெரியவங்க கதை இதுலயே இருக்குது. அந்த ஃபார்ம நிரப்பறப்ப எனக்கே கை நடுங்குச்சு, எல்லாம் எனக்கும் பொருந்துது. இது குடும்பத்துல ஓடறது, அதனால ஆச்சரியமும் இல்ல. நான் பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், நாளைக்கு ஷிப்மென்ட்னா விடிய விடிய நின்னு அனுப்பிருவேன், ஆனா நாலு வரி மெயிலுக்குப் பதில் போட மூணு வாரம் ஆகும். பெரியவங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட ஏஎஸ்ஆர்எஸ்னு 18 கேள்வி இருக்குது, மொத 6 கேள்விய வெச்சே மேல பாக்கோணுமான்னு ஓரளவு தெரியும். அது சல்லடை மட்டும்தான், தீர்ப்பு இல்ல. முப்பத்தஞ்சு வயசுல திடீர்னு ஆரம்பிச்சதுன்னா அது பெரும்பாலும் வேற, மன அழுத்தம், பதட்டம், தைராய்டு, தூக்கம் இப்படி ஏதாவது. அதனால சின்ன வயசு சாட்சி வேணும். பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்துக்கோங்க. என்கிட்ட இல்ல, எங்கம்மாவ கூட்டிட்டுப் போனேன். "பால் ஊத்த சொசைட்டிக்குத் தாட்டி உட்டா தூக்குப்போசிய அங்கயே உட்டுட்டு வந்துருவாளுங்க, எத்தனை போசி வாங்கறது"ன்னு ஆரம்பிச்சவங்க அரை மணி நேரம் நிறுத்தல. டாக்டர் எழுதிட்டே இருந்தாரு.

யாருகிட்ட போறதுன்னா மனநல டாக்டர், கொழந்தைங்க மனநலம் பாக்கறவங்கன்னா இன்னும் நல்லது, இல்லேன்னா வளர்ச்சி சம்பந்தமா பாக்கற கொழந்தை டாக்டர். டெஸ்ட் எடுக்கற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்குதான்னு கூச்சப்படாம கேளுங்க, கைரேகை பாத்து மூளைத்திறன் சொல்றேன்னு ஒரு கடை எங்கூர்லயே இருக்குது, நான் ஏமாந்தது தனிக்கதை. காசு இல்லேன்னா 18 வயசு வரைக்கும் கொழந்தைகளோட கொறைய சீக்கிரமே கண்டுபுடிச்சு உதவற அரசாங்கத்தோட டிஇஐசி மையம் இருக்குது, உங்க மாவட்டத்து பெரிய ஆஸ்பத்திரில விசாரிங்க, அவங்க பாக்கற பட்டியல்ல ஏடிஹெச்டியும் இருக்குது. போன்ல பேசோணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை பத்தி ரெண்டே வார்த்தை. ஆறு வயசுக்குக் கீழ மொதல்ல கொழந்தைய எப்படி சமாளிக்கறதுன்னு அம்மா அப்பாவுக்குத்தான் பயிற்சி. அதுக்கு மேல மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்து குடுத்தா பசியும் தூக்கமும் கொறையலாம், எடையப் பாத்துட்டே இருப்பாங்க. "மாத்திரைல நல்லாயிட்டான், அப்ப இதுதான் வியாதி"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த மருந்து இது இல்லாதவங்களுக்கும் கவனத்தக் கூட்டும்.

எழுதறது, படிக்கறதுலயும் சிக்கல் இருந்தா அதையும் அப்பவே டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகை குறைபாட்டுல கற்றல் குறைபாடு இருக்குது, ஏடிஹெச்டி தனியா இல்ல, பரிச்சைல கூடுதல் நேரம் கேக்கறப்ப கற்றல் குறைபாட்டு சர்டிஃபிகேட்தான் கை குடுக்கும். நாங்க ரெண்டையும் சேத்து எடுக்காம விட்டு, அதுக்குன்னு மறுபடியும் லீவு போட்டு அலைஞ்சோம்.