கடைசியில் பேசும் தலைவி

மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் கடன் பேச்சு வரும்போது உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லிப் பாருங்கள். தலைவி முதலில் பேசிவிட்டால், "அக்கா சொன்னா சரிதான்" என்று எல்லோரும் முடித்துவிடுவார்கள்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். "எல்லாருக்கும் சம்மதமா?" என்றால் தலையாட்டல்தான் கிடைக்கும். "தவணை கட்ட எந்த மாசம் உங்களுக்குக் கஷ்டம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நம் குமரி மாவட்டத்தில் பதில் வீட்டுக்கு வீடு மாறும். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு மழை பிடித்தால் வேலை இல்லை. பகல் முழுக்க அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) முந்திரி உடைத்துவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கட்டாயம் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் இதில் கடினமான பகுதி என்பேன்.

இரவில் ஒரு நோட்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: இன்று யாரை இடைமறித்தேன்? யார் வாயே திறக்கவில்லை? தீர்மானப் புத்தகத்தில் இது வேண்டாம், உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். பேசாதவரை அடுத்த கூட்டத்துக்கு முன்பே வீட்டில் போய்ப் பாருங்கள். சிலர் கூட்டத்தில் சொல்லாததை வாசல்படியில் சொல்வார்கள்.