குடும்ப மரத்தைப் பகிருமுன் இருப்பவர்களுக்கு ஒரு பூட்டு

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொந்தங்களை எழுத ஆரம்பித்தால் அரை மணியில் தாள் தீர்ந்துவிடும். மன்னாரில் ஒரு கிளை, தூத்துக்குடியில் ஒரு கிளை, சிங்கப்பூரில் ஒருவர், வளைகுடாவில் நாலு பேர். இத்தனை பேரும் பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில்தான் பகிர வேண்டும். ஆனால் மரத்தில் பாதிப் பேர் இன்றும் உயிரோடு இருப்பவர்கள்.

முதல் தடவை நான் இதை யோசிக்கவில்லை. பிறந்த தேதி, ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாம் உள்ள பிடிஎஃப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் சித்திக்கு ஒரு போன். வெளிநாட்டில் இருக்கும் பேரனின் பெயரைச் சரியாகச் சொல்லி, ‘மாட்டிக்கொண்டிருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்’ என்றார்கள். சித்தி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் தம்பி பார்த்துத் தடுத்தான். அந்த விவரம் என் கோப்பிலிருந்துதான் போனதா என்று தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னது அத்தனையும் என் கோப்பில் இருந்தது. அதற்குப் பிறகு நான் செய்யும் முறை இதுதான்.

1. கணினியில் தொடங்குங்கள்

நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள். தகவல் உங்கள் கணினியிலேயே இருக்கும்; நீங்கள் அனுப்பினால்தான் வெளியே போகும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் நேரடியாக ஏற்றுவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே இறந்தவர் என்று குறித்தவரின் பக்கம் உலகத்துக்கே பொது, கணக்கு உள்ள யாரும் திருத்தலாம். உயிரோடு இருப்பவரைத் தவறுதலாக இறந்தவர் என்று குறித்தால் அவரும் பொதுவுக்குப் போய்விடுவார்.

2. பெயரை உள்ளிடுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பெயரை முதல் கட்டத்தில் போடுங்கள். அப்பா பெயரை ‘சர்நேம்’ கட்டத்தில் போட்டு, அதன் வகையாகப் ‘பேட்ரோனிமிக்’ (அப்பா வழிப் பெயர்) என்று தேர்ந்தெடுங்கள். அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியவர்கள் இரண்டு பக்கமும் வருவார்கள். அவர்களைப் புதிதாக மறுபடி சேர்க்காமல், ஏற்கனவே உள்ள பதிவையே இணையுங்கள்.

3. இருக்கிறாரா, இல்லையா

அவசரப்படக் கூடாத இடம் இது. இறப்பு பதியப்படாதவரைக் கிராம்ப்ஸ் உயிரோடு இருக்கக்கூடியவராகவே எடுத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 110 வயது வரைக்கும். எங்கள் தாத்தாவின் தம்பி 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் போனவர். உடல் கிடைக்கவில்லை, சான்றிதழும் கிடையாது. தேதி தெரியாது என்று இறப்புக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். மென்பொருளின் கணக்கில் அவர் இன்னும் உயிரோடு இருந்தார். ‘டிசம்பர் 1964’ என்று போட்டால் போதும், சரியாகிவிடும். பழைய ஆட்களுக்குப் பங்குக் கோயில் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு பேரின் ஆண்டு அங்கேதான் கிடைத்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. சில வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் எங்கள் உறவில் இருக்கிறார். ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவர் மனைவி இன்னும் தாலியைக் கழற்றவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அவர் சொல்லும் நாள் வரைக்கும் அது காலியாகவே இருக்கும். பதிவில் பூட்டுப் படத்தை அழுத்தித் தனிப்பட்டது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

4. ஒவ்வொருவரையும் கேளுங்கள்

குழுவில் ஒரு செய்தி போட்டு, மறுப்பு வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: பெயர் போடலாமா? பிறந்த ஆண்டு போடலாமா? படம் போடலாமா? அத்தை என்னிடம் சொன்னது: “பேரு போடுப்பா. மொதக் கல்யாணத்தப் போடாத, பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லல.” கேட்காமல் விட்டிருந்தால் அது எல்லோர் போனுக்கும் போயிருக்கும். அந்தத் திருமணப் பதிவுக்கும் பூட்டுப் போட்டேன்.

மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் உறவினர்களின் இருப்பிடத்தை எழுதவே வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான் படம் சேர்ப்பதில்லை. ஆதார் எண், போன் எண், முழுப் பிறந்த தேதி யாருக்கும் தேவையில்லை. அம்மாவின் பெயரையும் நம் பிறந்த தேதியையும் சொல்லித்தான் பல இடங்களில் நம் அடையாளத்தைச் சரிபார்க்கிறார்கள். மரத்தில் அம்மா பெயர் வந்தே தீரும், அதனால் தேதியையாவது விடுங்கள்.

5. இரண்டு நகல் எடுங்கள்

குடும்பத்துக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று.

குடும்ப நகலுக்கு, ‘ரிப்போர்ட்ஸ்’ மெனுவில் வம்சாவளிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பில், உயிரோடு இருப்பவர்களின் பெயர் மட்டும் வந்து மற்ற விவரம் நீங்குமாறு வையுங்கள். தனிப்பட்ட பதிவுகளைச் சேர்க்காதிருக்கும் தெரிவையும் பாருங்கள்.

வெளி நகலுக்கு, ‘ஃபேமிலி ட்ரீஸ்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’. வடிவம் ‘ஜெட்காம்’; மற்ற வம்சாவளி மென்பொருள்களும் இதைப் படிக்கும். அங்கே உயிரோடு இருப்பவர்களை அப்படியே சேர்க்கலாம், அவர்கள் பெயரை மறைக்கலாம், அல்லது அடியோடு விட்டுவிடலாம். பெயரை மறைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அது மறைப்பது முதல் கட்டத்தில் உள்ள பெயரை மட்டும்தான். ‘சர்நேம்’ கட்டத்தில் நாம் போட்ட அப்பா பெயர் அப்படியே வெளியே தெரியும். ஊரில் உள்ளவருக்கு அது போதும், ஆளைச் சொல்லிவிடுவார். அதனால் வெளியாருக்கு, அடியோடு விடுவதையே தேர்ந்தெடுங்கள். தனிப்பட்ட பதிவுகள் வேண்டாம் என்ற கட்டத்திலும் டிக் இருக்கட்டும்.

6. திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்

வெளி நகல் கோப்பைக் கிராம்ப்ஸில் வேறொரு காலி மரத்தில் இறக்கி, உங்கள் பெயரைத் தேடுங்கள். வந்தால் ஏதோ தவறிவிட்டது, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

சரி, இனி அனுப்பலாம். குடும்ப நகலைக் குழுவில் கோப்பாகப் போடாமல், கூகுள் டிரைவில் ஏற்றி, குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் பார்க்கும் அனுமதி கொடுங்கள். ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று விடாதீர்கள். பதிவிறக்கத்தையும் நிறுத்தி வைக்கலாம். திரைப்பிடிப்பைத் தடுக்க முடியாது. நாலாம் படியில் கேட்டுக் கேட்டுக் குறைத்தது அதற்காகத்தான். மின்னஞ்சல் இல்லாத பெரியவர்களுக்கு நான் ஏ3 தாளில் அச்செடுத்துத் திருவிழாவுக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடுவேன்.

கோப்புப் பெயரில் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து வையுங்கள். யாராவது ‘என்னை எடுத்துவிடு’ என்றால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்து, புதிய நகலை ஏற்றி, பழையதை டிரைவிலிருந்து நீக்குங்கள். அப்புறம் ஒரு போன் போட்டு, எடுத்தாச்சு என்று சொல்லிவிடுங்கள்.