படகுக் கழிப்பறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லங்காவித் தீவில் பாய்மரப் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிறவர்களுக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும், பழைய படகொன்றை அண்மையில் வாங்கிய புதியவர்கள் வந்து சேர்வார்கள். பாயைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்கிற அவர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, போகிறது என்று பார்த்த அளவில் நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் செய்கிற பிழைகளைப் பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்தவை வரிசை மாறாமல் திரும்ப நடப்பது தெரிகிறது. கண்டதையும் கோப்பைக்குள் போடக் கூடாது என்பது போன்றவை எல்லாப் படகிலும் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கோப்பையை மட்டும் அளந்து வாங்குவது

கையால் அடிக்கும் ஜாப்ஸ்கோ வகைக் கழிப்பறைகள் சிறிய கோப்பை, பெரிய கோப்பை என இரண்டு அளவில் கிடைக்கின்றன. உட்கார வசதி என்று பெரியதை வாங்கிவந்து பொருத்தியபின், கதவை மூடினால் பம்பின் கைப்பிடி முழுதாக மேலே எழ இடமில்லை என்பது தெரியவரும். பம்பைக் கோப்பையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிப் பொருத்த முடியும் என்பதால், கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து, கைப்பிடி முழு உயரத்துக்கு ஏறி இறங்குமா, பம்பின் தலையைக் கழற்ற மேலே இடம் இருக்குமா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பழைய பம்பு தேய்ந்துவிட்டது என்பதற்காகக் கழிப்பறை முழுவதையும் மாற்றுவதும் வீண் செலவு. பீங்கான் நன்றாக இருந்தால் பம்பை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

மின்சாரக் கழிப்பறை

படகில் இருப்பது ஒரே கழிப்பறை என்றால் அது கைப்பம்பாகவே இருக்கட்டும்.

சைஃபன் வளைவைத் தவறான இடத்தில் வைப்பதும், அதன் வாயை அடைப்பதும்

மற்றத் தவறுகளால் நாற்றம் வரும், அடைப்பு வரும், ஒரு நாள் வேலை கெடும். இந்தத் தவறால் படகே மூழ்கும். இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த பருவத்தில் இன்னொரு படகில் அதே கோலத்தைப் பார்க்க நேர்வது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது.

பெரும்பாலான பாய்மரப் படகுகளில் கழிப்பறைக் கோப்பையின் விளிம்பு கடல்மட்டத்துக்குக் கீழேயோ, ஒட்டியோதான் இருக்கும். நின்றிருக்கும்போது மேலே இருப்பதுகூடப் படகு சாய்ந்தால் கீழே போய்விடும். படகின் நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஒரு பக்கமாக வைத்த கோப்பை, படகு அந்தப் பக்கம் 20 பாகை சாயும்போது ஏறத்தாழ 40 செ.மீ. கீழிறங்குகிறது. அந்த நிலையில் நீர் வரும் ஹோஸில் ஒருமுறை ஓட்டம் தொடங்கிவிட்டால், யாரும் பம்பு அடிக்காமலேயே கடல்நீர் சைஃபன் முறையில் கோப்பைக்குள் வந்துகொண்டே இருக்கும். கோப்பை நிறையும், வழியும், நிற்காது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேர இரவில் 4,800 லிட்டர், அதாவது ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவான நீர், படகுக்குள் சேர்ந்துவிடும்.

இதைத் தடுப்பதற்காகவே ஹோஸைக் கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்றுப் புகும் சிறிய வால்வு ஒன்றைப் பொருத்துகிறோம். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அந்த உச்சி கடல்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே நிற்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது வால்வில் உள்ள ரப்பர் நாக்கு மூடிக்கொள்ளும். உறிஞ்சல் ஏற்பட்டால் திறந்து காற்றை உள்ளே விடும். காற்று புகுந்ததும் நீர்த்தொடர் அறுபட்டு சைஃபன் நின்றுவிடும். சிக்கல் இதுவரையில் இல்லை. வளைவை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் இருக்கிறது.

புதியவர்கள், சில வேளைகளில் கூலிக்கு வேலை செய்கிறவர்களும், படகின் அடியில் கடல்நீர் உள்ளே வரும் துளையை மூடித் திறக்கும் கடல் வால்வுக்கும் பம்புக்கும் இடையில் இந்த வளைவை வைத்துவிடுகிறார்கள். படகின் பக்கவாட்டில் ஹோஸ் போகிற வழியிலேயே இடம் இருப்பதால் அது சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பகுதி பம்பின் உறிஞ்சு பக்கம். கைப்பிடியை அடிக்கும்போதெல்லாம் பம்பு கடல்நீரை இழுப்பதற்குப் பதிலாக வால்வைத் திறந்து காற்றை இழுக்கும். கோப்பைக்குத் தண்ணீர் வராது. அடுத்ததாக நடப்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். உதவிக்கு வந்திருந்த ஓர் இளைஞர், வேலையை முடித்துவிட்ட நிறைவோடு, "அண்ணே, பம்பு தண்ணி இழுக்கவே இல்ல. மேல ஒரு ஓட்டைல காத்து வந்துச்சு, டேப்பைச் சுத்தி அடைச்சுட்டேன். இப்ப நல்லா இழுக்குது" என்றார். உண்மைதான், பம்பு நன்றாகவே இழுத்தது. படகில் சைஃபனை அறுக்க இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டுவிட்டது. டேப்பைப் பிரித்துவிட்டு வளைவை இடம் மாற்ற அன்று மாலை வரை ஆயிற்று.

எல்லாப் படகிலும் அப்படிக் கண்ணில் பட்டுவிடுவதில்லை. மிதவையில் கட்டிப்போட்டிருந்த ஒரு படகை மறுநாள் காலை பார்க்கப் போனபோது, தரைப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. எஞ்சினின் பாதிவரை நீர் ஏறியிருந்தது, மின்கலங்கள் மூழ்கி, படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு நின்றுபோயிருந்தது. எங்கோ ஹோஸ் வெடித்திருக்கும் என்றுதான் தேடினோம். ஓர் ஹோஸும் வெடித்திருக்கவில்லை. கழிப்பறைச் சுவருக்குப் பின்னால், அலமாரிப் பலகையைக் கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில், வளைவின் உச்சியிலிருந்த காற்று வால்வை யாரோ எபாக்ஸிப் பசையால் பூசி மூடியிருந்தார்கள். படகை வாங்கிச் சில மாதமே ஆகியிருந்த உரிமையாளருக்கு அங்கே அப்படியொரு வால்வு இருப்பதே தெரியாது. முந்தைய உரிமையாளரின் ஒரு பிற்பகல் வேலைக்கு இவர் ஒரு எஞ்சினை விலையாகக் கொடுத்தார்.

சரியான இடம் பம்புக்கும் கோப்பைக்கும் இடையில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பம்பின் மேற்பகுதியையும் கோப்பையின் பின்புறத்தையும் ஒரு குட்டை ஹோஸ் இணைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, இரண்டு நீளமான ஹோஸ்களால் நீரை மேலே கொண்டுபோய், வளைவு வழியாகத் திரும்பக் கோப்பைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே பம்பு நீரைத் தள்ளுவதால் வால்வு மூடியிருக்கும். பம்பு நின்றபின் சைஃபன் உறிஞ்சினால் திறக்கும். லாவாக் வகைக் கழிப்பறையில் பம்பு வெளியேற்றும் பக்கத்தில் மட்டுமே இருப்பதால், அதன் நீர்வரத்து வளைவு கடல் வால்வுக்கும் கோப்பைக்கும் நடுவில் வரும். அதிலுள்ள சின்னக் காற்றுத் துளையைப் பெரிதாக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது.

வெளியேற்றும் ஹோஸுக்கும் இதே போன்ற வளைவு தனியாக வேண்டும். பம்பின் வெளிவாயிலில் உள்ள ஜோக்கர் வால்வு இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது ஒரு ரப்பர் உதடு. காகிதத் துணுக்கு மாட்டினாலோ, உப்பு படிந்தாலோ மூடாமல் நின்றுவிடும். கழிவு திரும்பி வருவதைக் குறைக்க அது போதும், கடலைத் தடுத்து நிறுத்த அதை நம்பக் கூடாது.

கடல் வால்வை மூடினால் போதுமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூடத்தான் வேண்டும். ஆனால் விருந்தினர் மறப்பார், குழந்தை மறக்கும், கடல் கொந்தளிக்கும் இரவில் தூக்கக் கலக்கத்தில் போகிற நீங்களும் மறப்பீர்கள். வளைவு அந்த மறதிக்காக இருப்பது. அதன் ரப்பர் நாக்கைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்து அது மூடியபடி ஒட்டிக்கொண்டால் வளைவு வெறும் ஹோஸாகிவிடும். திறந்தபடி நின்றால் அலமாரிக்குள் நீர் தெறிக்கும். தெறிக்கிறதே என்று டேப் சுற்றுவதும் எபாக்ஸி பூசுவதும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. சில ரிங்கிட் விலையுள்ள அந்த நாக்கை மாற்றினால் முடிகிற வேலை அது.

நான்கு முறை பம்பு அடித்ததும் நிறுத்துவது

கோப்பை சுத்தமானதும் பம்பு அடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 38 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸில் மீட்டருக்கு 1.1 லிட்டருக்குச் சற்று மேலாக நீர் பிடிக்கும். வளைவுவரை ஏறி இறங்கிக் கடல் வால்வை அடைய மூன்று மீட்டர் என்றால், கோப்பையிலிருந்து மறைந்தது இன்னும் ஹோஸுக்குள்ளேதான் கிடக்கிறது. கடல்நீரின் கால்சியமும் சிறுநீரும் சேர்ந்து அங்கே சாம்பல் வெள்ளையாகக் கல் போலப் படியும். மாற்றுவதற்காகக் கழற்றிய பழைய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், கட்டைவிரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்தான் நுழைகிறது. அந்த நிலையில் கைப்பிடி இறுகும். அதைப் பம்பின் கோளாறு என்று நினைத்துப் புதுப் பம்பு வாங்குகிறவர்கள் அநேகம் பேர். புதுப் பம்பும் அதே ஹோஸில்தான் தள்ள வேண்டும், அதன் சீல்களும் சீக்கிரமே போய்விடும்.

எனவே கைப்பிடி இறுகினால் முதலில் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். படிவு மெல்லியதாக இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலை இரவு முழுவதும் நிற்கவிட்டால் கரையும். தடித்திருந்தால் ஹோஸைக் கரைக்குக் கொண்டுபோய்க் கான்கிரீட் தரையில் ஓங்கி அடித்தால் துண்டு துண்டாக உதிரும். ஒவ்வொரு முறையும் ஹோஸ் முழுவதும் புது நீர் நிறையும்வரை அடித்துவந்தால் இந்த வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

நாற்றம் எங்கிருந்து என்று பார்க்காமல் செலவு செய்வது

சில நாள் கழித்து முதல் முறை பம்பு அடிக்கும்போது மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால், அது கழிவின் வாடை இல்லை. நீர் வரும் ஹோஸில் அடைபட்ட கடல்நீரில் இருந்த நுண்ணுயிர்கள் செத்து அழுகியதால் வருவது. நம்முடைய வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளே போதும். படகை விட்டுப் போகுமுன் நல்ல தண்ணீரால் அந்த ஹோஸை நிறைத்துவைத்தால் தீர்ந்தது. இதற்காகக் குடிநீர்க் குழாயைக் கடல்நீர்க் கழிப்பறையோடு நேரடியாக இணைத்துவிடாதீர்கள். குடிநீர் கெட்டுப்போக வழி திறந்துவிடும்.

எப்போதும் வாடை இருந்தால் கழிவு ஹோஸைச் சோதியுங்கள். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸைச் சுற்றிக் கட்டி, ஆறியபின் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் ஹோஸின் சுவரே ஊறிவிட்டது. அதை எந்த மருந்தாலும் கழுவ முடியாது. மாற்றும்போது கழிவுக்கென்றே செய்த ஹோஸை வாங்குங்கள். நெளிவுள்ள மலிவு ஹோஸ் வளைக்கச் சுலபம், ஆனால் அதன் நெளிவுக்கு நெளிவு கழிவு தங்கும்.

பிளீச், அடைப்பு நீக்கும் காரப்பொடி

ரப்பரைத் தின்றுவிடும். வேண்டாம்.

தொட்டியின் காற்றுக் குழாயைச் சிறிதாக விடுவது

கழிவைக் கடலில் விடாமல் சேர்த்துவைக்கும் தொட்டிக்குள் காற்று தாராளமாகப் போய்வந்தால், கழிவைச் சிதைக்கிற கிருமிகள் வாடையில்லாமல் வேலை செய்யும். காற்று குறைந்தால், நாற்ற வாயுவை உண்டாக்கும் வேறு வகைக் கிருமிகள் பெருகும். ஆகவே 16 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 25 மி.மீ. குழாய் போடுவதும், முடிந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவதும், எந்த மருந்துப் புட்டியைவிடவும் பயன் தரும். படகு சாயும்போது குழாய்க்குள் கழிவு ஏறி வாயில் காய்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. அடைபட்டது தெரியாமல் கரையிலுள்ள இயந்திரத்தால் உறிஞ்சினால் தொட்டி உட்குழிந்து விரிசல் விடும்.

தொட்டியின் அளவைக் கணக்கிடும்போது நம்மவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். காகிதத்துக்குப் பதில் தண்ணீரால் கழுவிக்கொள்வது ஹோஸுக்கும் ஜோக்கர் வால்வுக்கும் மிக நல்லது. அடைப்பின் பெரும்பகுதி காகிதத்தால்தான் வருகிறது. ஆனால் அழுத்தக் குழாயில் இணைத்த கைத்தெளிப்பான் ஒரு முறைக்கு ஒரு லிட்டருக்கு மேல் சுலபமாகக் கொட்டிவிடும். 40 லிட்டர் தொட்டியும் நான்கு பேரும் இருக்கிற படகில் அது பெரிய அளவு. சிறு குவளை வைத்துக்கொள்வது நல்லது.

போகிற இடத்தின் சட்டம் தெரியாமல் கிளம்புவது

அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றக் கூடாது. கழிவைக் கடலுக்குத் திருப்பும் வால்வு அங்கே மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, அங்கே விற்பனைக்கு வரும் புதிய படகின் கழிப்பறை தொட்டியோடோ சுத்திகரிப்புக் கருவியோடோ மட்டுமே இணைந்திருக்க வேண்டும். துருக்கியில் கழிவை ஒப்படைத்ததை நீல அட்டையில் பதிந்து காட்ட வேண்டியிருக்கும். தொட்டியே இல்லாத படகை வாங்கி நீண்ட பயணம் போகத் திட்டமிடுகிறவர்கள், அதற்கான இடத்தையும் செலவையும் படகின் விலை பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

உலர் கழிப்பறையைக் கவனிப்பில்லாதது என்று நம்புவது

சிறுநீரைத் தனியே பிரிக்கிற நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட் போன்றவற்றுக்குக் கடல் வால்வும் வேண்டாம், ஹோஸும் வேண்டாம். அந்தக் காரணத்தாலேயே அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் சிறுநீர்க் கலத்தை இரண்டு பேர் இருந்தாலே ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். அது நிரம்பி வழிந்து தேங்காய் நார்த்தூளை நனைத்துவிட்டால், வாடையும் சிறு ஈக்களும் சேர்ந்து வரும். கழுவும் தண்ணீரும் அதற்குள் போகக் கூடாது என்பதால், தண்ணீர்ப் பழக்கமுள்ளவர்கள் வாங்குமுன் இதை வீட்டில் எல்லோரோடும் பேசிக்கொள்ள வேண்டும். காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறியை மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக நிறுத்திவிடுவது அடுத்த தவறு.

உதிரிபாகத்தைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று போவது

ஜோக்கர் வால்வு இரண்டு, பம்பின் சர்வீஸ் கிட் ஒன்று, சைஃபன் வளைவுக்கான ரப்பர் நாக்கு, துருப்பிடிக்காத கிளாம்ப்கள், சிலிக்கான் கிரீஸ் ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருங்கள். வாங்குமுன் உங்கள் பம்பின் மாடல் எண்ணை அதன் உடலிலிருந்தே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் பம்பின் உள்பாகங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. முந்தைய தலைமுறையின் கிட்டை வாங்கி வந்தால் சீல் உட்காராது.