தனித்திருக்கும் நாட்களில் காணொளி அழைப்பு: நெருக்கம் குறையாமல் பேசுவது எப்படி?

நோய்த்தொற்றின் பொருட்டோ வேறு காரணத்தாலோ ஒருவர் வாரக்கணக்கில் தனித்திருக்க நேரும்போது, காணொளி அழைப்பை நலம் விசாரிக்கும் கடமையாகச் சுருக்கிவிடாமல், இருவரும் சேர்ந்து பொழுதைக் கழிக்கும் நேரமாக அமைத்துக்கொள்ள வேண்டும். "காய்ச்சல் குறைந்ததா, தூங்கினாயா" என்று கேட்பது அவசியம்தான். ஆனால் நான்கு சுவர்களுக்குள் இருப்பவருக்கு நாள்தோறும் சொல்லப் புதிய செய்தி இராது. கேள்விகள் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும்.

ஆகவே, அழைப்பின்போது செய்வதற்கென்று ஏதேனும் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துணி மடிக்க, மற்றவர் காய் நறுக்கலாம். ஒரு கதையை ஆளுக்குச் சில பக்கங்களாக உரக்க வாசிக்கலாம். பழைய புகைப்படங்களைத் திரையில் பகிர்ந்து, அவற்றில் இருப்பவர்களைப் பற்றிப் பேசலாம். இடையில் பேச்சு நின்றால் நிற்கட்டும். அந்த மௌனத்தை நிரப்பத் தவிக்காமல் அவரவர் வேலையைத் தொடரும்போதுதான் ஒரே அறையில் இருப்பது போன்ற உணர்வு உண்டாகிறது. மற்ற உத்திகள் எல்லாவற்றையும்விட இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

திரையிலுள்ள முகத்தை நாம் பார்க்கும்போது, கேமரா அதற்கு மேலே இருப்பதால், எதிரில் இருப்பவருக்கு நாம் கீழே பார்ப்பதாகத் தோன்றும். கணினியில் பேசுவோர் அழைப்புச் சாளரத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தினால் இக்குறை பெருமளவு குறையும். நம் முகத்தையே நாம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது காணொளி அழைப்புகள் தரும் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். நம் முகம் தெரியும் கட்டத்தை மறைக்கும் வசதி செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய ஏறத்தாழ 150 மில்லி விநாடிக்கு மேலானால் உரையாடலின் இயல்பு கெடத் தொடங்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும், பதில் தாமதமாக வருவதும் அக்கறையின்மையாகத் தோன்றக்கூடும். அவர் முடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் ஒரு கணம் பொறுத்துப் பேசுங்கள். படம் தடுமாறினால் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் காப்பாற்றுங்கள்.

அவர் மனம் கனத்துப் பேசும்போது உடனே தீர்வு சொல்ல வேண்டாம். சிறிய திரையில் தலையசைப்பு கண்ணில் படாமல் போகலாம் என்பதால், "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்" என்று வாய்விட்டே கூறுங்கள். முகம் காட்ட விருப்பமில்லாத நாட்களில் வற்புறுத்தாமல் குரலழைப்புக்கு மாறுங்கள். அடுத்து எப்போது அழைப்பீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே இணைப்பைத் துண்டியுங்கள்.