காணாமல் போன 40 ஜிபியும் யாருடையது என்று தெரியாத வைஃபையும்

ரங்கூன் நகரின் நடுவே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி எங்கள் வீடு. தெருவில் வரும் பேப்பரை வாங்கக்கூட பால்கனியிலிருந்து கிளிப் கட்டிய கயிறுதான் இறங்கும். ஒரு பருப்பு மண்டிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். லேப்டாப்பில் இருப்பது 128 ஜிபி எஸ்எஸ்டி. போன மாதம் கணக்கை முடிக்கும் சமயத்தில் 'இடம் இல்லை' என்று நின்றுவிட்டது. அதே வாரம் வைஃபை பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் புதுப் பெயர் ஒன்று முளைத்தது. யாரோ உள்ளே புகுந்து எதையோ கொட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

முதலில் இடம். 128 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 119 என்றுதான் தெரியும். ஆயிரத்தால் பெருக்கி விற்கிறார்கள், 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதைத் தேடி அலைய வேண்டாம். மீதியைத் தேட, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். எது எவ்வளவு தின்கிறது என்று அங்கேயே தெரியும். பெரிய விண்டோஸ் அப்டேட் அண்மையில் ஓடியிருந்தால், 'டெம்பரரி ஃபைல்ஸ்' பக்கத்தில் பழைய விண்டோஸ் நிறுவல் என்று பல ஜிபி நிற்கும். பத்து நாளில் அது தானாகவே போய்விடும். அவசரமென்றால் அந்தப் பக்கத்திலேயே டிக் போட்டு அழியுங்கள். ஃபோல்டருக்குள் நுழைந்து கையால் பிடுங்காதீர்கள்.

எனக்கு அங்கே கிடைத்தது கொஞ்சம்தான். அப்புறம் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். அப்படி ஓட்டாவிட்டால் பூட்டிய ஃபோல்டர்களின் கணக்கு வராது. ஒவ்வொரு ஃபைலும் அதன் அளவுக்கேற்ற கட்டமாகத் திரையில் விரியும். அதில் ஒரே நிறத்தில் பெரிய திட்டு ஒன்று. சுட்டினால், டாக்குமெண்ட்ஸுக்குள் வைபர் என்ற அரட்டைச் செயலியின் டவுன்லோட்ஸ்! தைப்பூசக் காவடி வீடியோ ஒன்றே நாலு குழுக்களிலிருந்து வந்து நாலு தடவை இறங்கியிருக்கிறது. குற்றம் வைபருடையது இல்லை, எங்கள் சொந்தக்காரர்களுடையது. வேண்டியதை வெளி டிஸ்கில் ஏற்றிவிட்டு மீதியை அழித்தேன்; 31 ஜிபி திரும்பியது. குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் வரும், மறந்துவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. வெளி டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ஃபைல் பட்டியல் குழம்பி, இடம் போன மாதிரியே இருக்கும். டிஸ்கை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போங்கள். சோதனை முடிந்தபின் 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் மறைந்த ஃபோல்டர் ஒன்று வரலாம். அறுந்த துண்டுகளை விண்டோஸ் அதில் போட்டு வைக்கும். உங்கள் ஃபைல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை அழியுங்கள். இடத்துக்காக ஹைபர்னேஷனை நிறுத்தச் சொல்வார்கள். நான் நிறுத்தவில்லை. பேட்டரி தீரும்போது திறந்த கணக்கை அப்படியே டிஸ்கில் காப்பாற்றி வைப்பது அதுதான். கரண்ட் நிலையில்லாத ஊரில் மூன்று ஜிபி பெரிய விலை இல்லை.

இனி வைஃபை. கரண்ட் போவது இதற்கு நல்ல சோதனை. தெரு இருண்டதும் போனை எடுத்துப் பட்டியலைப் பாருங்கள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் பழைய பெயர்கள் விழும். இன்வெர்டர் உள்ள வீடுகளும் போன் ஹாட்ஸ்பாட்களும் மட்டுமே மிஞ்சும். 'டைரக்ட்' மிஞ்சியது, அதுவும் முழு சிக்னலோடு. சரி, பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் இன்வெர்டரில் மாட்டியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரவுட்டரைப் பிடுங்கியதும் எங்கள் பெயரும், அதோடு அதே ரவுட்டர் 5ஜி என்ற முடிவோடு காட்டும் இரண்டாவது பெயரும் போயின, 'டைரக்ட்' அசையவில்லை. மின்விசிறி, அசையவில்லை. பிரிண்டரைப் பிடுங்கினேன், காணோம். போனிலிருந்து நேராக அச்சிட அது தானே கிளப்பும் வைஃபை. எங்களுக்கு வேண்டாததால் பிரிண்டர் மெனுவில் வைஃபை டைரக்டை அணைத்தேன். கீழே பிள்ளைகள் "மீ லாப்யீ!" (பர்மியத்தில் 'கரண்ட் வந்தாச்சு') என்று கத்தினார்கள், விளக்கு வந்தது.

ஆனால் உங்கள் பெயரிலேயே பூட்டு இல்லாத நெட்வொர்க் ஒன்று தெரிந்தால் விளையாட்டில்லை, அதில் இணையாதீர்கள். சில சமயம் ரீசெட் ஆன உங்கள் ரவுட்டராகவும் இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் பெயரோடு ஒப்பிடுங்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, அதே ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் தங்கள் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியைக் காட்டும் அடையாள எண்) மாற்றிக் காட்டுவதால், உங்கள் போனே அந்நியனாகத் தெரியலாம். ஒவ்வொரு போனாக வைஃபையை அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் அணைத்த பிறகும் ஒன்று மிஞ்சியது. மகனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

கடவுச்சொல்லை மாற்றினேன், ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் சொல்லையும் சேர்த்து. மறுநாள் காலை மேல் வீட்டு அக்கா தூக்கில் மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் கொடுத்தனுப்பினார், கூடவே புதுச் சொல் என்ன என்ற கேள்வியும். விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, அதன் சொல்லைச் சீட்டில் எழுதித் தூக்கிலேயே போட்டனுப்பினேன்.